கயிறு அறுகிற இடம்

“எதுக்குய்யா அந்தப் பொண்ணக் கொன்ன?”

சனிக்கிழமை, பெத்ரா மான்சா சந்தையில் கூட்டம் தோளோடு தோள் உரசுகிற நேரம். நசாரியோவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு இப்படிக் கேட்டவள் உம்பெலினா. காப்பிம் வெர்தி என்ற சிற்றூரில் மரவள்ளி மாவு வறுக்கிறவள். மாவைக் கிளறும் நீளத் துடுப்பைப் பிடித்துப் பிடித்து உரமேறிய கை. நசாரியோ திமிறவில்லை, கிழிந்தால் மாற்றுச் சட்டை கிடையாது. பக்கத்துக் கடைக்காரர்கள் தராசைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள். கொலை என்று காதில் விழுந்த பிறகு யாருக்கு வியாபாரம் ஓடும்?

“எந்தப் பொண்ணும்மா?” என்றார் நசாரியோ.

“எந்தப் பொண்ணா? அத்தனை பேரக் கொன்னிருக்கியா நீ? ரொசாவுராவச் சொல்றேன். ஆத்துல முக்கிக் கொன்னுட்டு, ஒண்ணும் தெரியாத பச்சப்புள்ள மாதிரி கேக்குறதப் பாரு!”

ரொசாவுரா, நசாரியோ எழுதி அச்சுக்கூடத்தில் கொடுத்து அச்சடித்த புதிய பாட்டுப் புத்தகத்தின் நாயகி. பண்ணையாரின் மகள், மாட்டுக்காரனோடு ஓடிப்போனவள். அவளும் அவளுக்கு முந்தைய பெண்களும் அவருடைய கடையில் குறுக்கே கட்டிய கயிற்றில் துணி காய்வதுபோல் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அட்டையிலும் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட ஒரு படம். மூக்கு மட்டும் எல்லாருக்கும் ஒரே மூக்கு.

கதையை ஆரம்பிப்பதில் நசாரியோவை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. மற்றப் பாட்டுக்காரர்கள் கடவுளை வணங்கி, கன்னி மரியாளை வணங்கி, பிறந்த ஊரைச் சொல்லி, தொண்டை சரியில்லை என்று மன்னிப்பும் கேட்டு முடிப்பதற்குள் பாதிக் கூட்டம் பாலாடைக்கட்டிக் கடைப் பக்கம் போய்விடும். நசாரியோ வணக்கம் கிணக்கம் எதுவும் வைத்துக்கொள்ள மாட்டார். முக்காலியில் ஏறியதும், கல்யாணப் பெண்ணின் கட்டிலுக்கு அடியில் ஒரு ஜோடி ஆண்பிள்ளைச் செருப்பு கிடந்தது என்றுதான் முதல் அடியே விழும். கறி வாங்க வந்தவன் அப்படியே நின்றுவிடுவான். அது யார் செருப்பு என்று தெரியாமல் அவன் எப்படிக் கறி வாங்குவான்?

பாடிக்கொண்டே போவார். கூட்டம் நெருங்கி நெருங்கி வரும். இனி மூச்சு விட்டால் கதை போய்விடும் என்கிற இடம் வந்ததும் புத்தகத்தை மூடி, அதாலேயே விசிறிக்கொண்டு, “மீதி வேணும்னா புத்தகத்துல இருக்கு” என்பார். திட்டிக்கொண்டே வாங்குவார்கள். அடுத்த கடை பாம்புக்கார அனீசியோவுடையது. பெட்டிக்குள் இருக்கும் மலைப்பாம்பை இதோ திறந்துவிடப் போகிறேன், இதோ திறந்துவிடப் போகிறேன் என்று சொல்லியே வாயுப்பிடிப்புத் தைலம் விற்கிறவன். அவனே பொறாமைப்படுவான். “நானாவது பெட்டியக் காட்டி ஆள நிறுத்துறேன். நீ வெறும் வாயக் காட்டி நிறுத்துறியேடா மச்சான்!”

ஆனால் இழுக்கத் தெரிந்தவருக்குக் கொஞ்ச காலமாகவே முடிக்கத் தெரியவில்லை. வாங்கிப் போனவர்கள் அடுத்த புத்தகத்துக்குத் திரும்பி வருவது குறைந்துவிட்டது. வீட்டை விட்டுப் போகிற பெண் எந்தக் கதையில் வந்தாலும் கடைசிப் பக்கத்தில் அவளுக்குச் சாவுதான். ஒருத்தியைப் பாம்பு கடித்தது. ஒருத்தி பாலைக்காட்டில் தாகத்தில் செத்தாள். ஒருத்தி மேல் இடி விழுந்தது. அதுவும் மழை பெய்யாத மாதத்தில்.

காரணம் சந்தைக்கே தெரியும். அவர் முன்னால் யாரும் சொல்வதில்லை. அவருடைய ஒரே மகள் ஜனுவாரியா ஒரு லாரி ஓட்டுகிறவனோடு போய்விட்டாள். திருட்டுத்தனமாகக்கூடப் போகவில்லை. பட்டப்பகலில் மூட்டையோடு வாசலில் நின்று, “அப்பா, ஆசீர்வாதம்” என்று கேட்டாள். அந்தப் பக்கத்தில் பிள்ளைகள் வீட்டுக்குள் நுழைந்தாலும் வெளியே போனாலும் ஆசீர்வாதம் கேட்கும். பெற்றவர்கள், கடவுள் உன்னை ஆசீர்வதிப்பார் என்று சொல்லியாக வேண்டும். மொடாக்குடியன்கூடத் திண்டாடித் திண்டாடி அதைச் சொல்லிவிடுவான். நசாரியோ புத்தகங்களைக் கயிற்றில் மாட்டிக்கொண்டே இருந்தார். அவள் இன்னொரு முறையும் கேட்டாள். அவர் தலை நிமிரவில்லை. லாரி போன புழுதி அடங்கிய பிறகுதான் நிமிர்ந்தார்.

உம்பெலினா சட்டையை விட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தாள். அவளுடைய ஊரில் எழுத்துத் தெரிந்தவள் தையல்காரி லெயொகாதியா ஒருத்திதான். யார் பாட்டுப் புத்தகம் வாங்கினாலும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு மாவுக் கொட்டகையில் ஊரே உட்கார்ந்து அவளை வாசிக்கச் சொல்லிக் கேட்கும். தெற்கே சாவோ பாலோ நகரத்துக்குப் பிழைக்கப் போன பிள்ளைகள் எழுதும் கடிதங்களையும் அவள்தான் வாசிப்பாள். ரொசாவுரா கதையையும் வாசித்தாள். அதில் ரொசாவுரா பிழைத்துக்கொண்டாள். ஊரே சந்தோஷமாக எழுந்து போய்ச் சாப்பிட்டது.

“இப்ப இந்த பெலார்மினோ வந்திருக்கான், பட்டாளத்துலேர்ந்து. அங்க எழுத்துப் படிச்சானாம். கட்டிக்கப் போற பொண்ணுக்கு வாசிச்சுக் காட்ட அவனும் ஒரு புத்தகம் வாங்கினான். அதுல ரொசாவுரா செத்துக் கெடக்கா! ஊர் ரெண்டுபட்டுப் போச்சு, கவிராயரே. நாங்க எங்க காதால கேட்டோம், அவ சாகல. அப்ப நீ வித்ததுதான் கள்ள அச்சு.”

“என் புத்தகத்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா?”

“தெரியும்ல? நாளைக்கு வந்து எல்லார் முன்னாடியும் சொல்லு.” அவள் குரல் தாழ்ந்தது. “ஏன்னா, அவ கதைய மாத்தி வாசிக்கிறவன்னா... என் மகன் காயிதத்தையும் அவதான வாசிக்கிறா?”

நசாரியோ அவளுடைய கவலையைக் காதில் வாங்கவே இல்லை. அவருக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. தன் பெயர் போட்ட புத்தகத்தில் எவளோ ஒரு தையல்காரி கை வைப்பதா? தான் கொன்ற பெண்ணை உயிர்ப்பிக்க அவள் யார்? நாலு பேர் முன்னால் அவள் மானத்தை வாங்காமல் விடுவதில்லை என்று தீர்மானித்து, மறுநாள் ஒரு கோவேறு கழுதையை இரவல் வாங்கிக்கொண்டு புறப்பட்டார்.

மாவுக் கொட்டகையில் ஈ நுழைய இடமில்லை. உரித்த மரவள்ளித் தோல் ஒரு பக்கம் மலையாகக் கிடந்தது. அடுப்பில் நெருப்பில்லை, அதன் திட்டிலும் ஆட்கள். அவருக்குக் காப்பியும் வெல்லக்கட்டியும் கொடுத்தார்கள். நீதிபதிக்குக் கொடுப்பதுபோல் பயபக்தியோடு கொடுத்தார்கள்.

லெயொகாதியா நடுவில் ஒரு பெஞ்சியில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதைத் தாண்டியவள், ஒல்லி, கழுத்தில் அளவு நாடா. மடியில் அவளுடைய ரொசாவுரா புத்தகம். ஊசியில் நூல் கோக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள், நூல் போகவில்லை.

பெலார்மினோ எழுந்தான். “புத்தகத்துல ரொசாவுரா செத்துட்டா. லெயொகாதியாக்கா வாயில உயிரோட இருக்கா. ரெண்டுல ஒண்ணு பொய். எழுதினவரு இதோ உக்காந்திருக்காரு. அவரே சொல்லட்டும்.”

“கதையப் பத்தி எனக்கு அக்கறை இல்ல,” என்று உம்பெலினா குறுக்கே வந்தாள். “நேத்து வரைக்கும் இருந்துச்சு. ராத்திரி படுத்து யோசிச்சுப் பாத்தேன். என் மகன் உசுரோட இருக்கான்கிறதே இவ சொல்லித்தான் எனக்குத் தெரியும். பொய் சொல்ற வாய்னா, அதுவும் பொய்யா இருக்கலாம்ல?”

பிள்ளைகளைத் தெற்கே அனுப்பிய ஒவ்வொருத்தியும் தன் வீட்டுக் கடிதத்தை நினைத்துக்கொண்டாள். அதுவரை லெயொகாதியாவின் அருகில் உட்கார்ந்திருந்த பெண்கள்கூட லேசாக நகர்ந்து உட்கார்ந்தார்கள். இனி அந்த ஊரில் அவள் வாயிலிருந்து வரும் எதையும் யாரும் நம்பப் போவதில்லை. அதற்கு நசாரியோ ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சொல்லத்தான் வந்தார். வாயையும் திறந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து லெயொகாதியா ஊசியை வைத்துவிட்டு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, அழவில்லை. அவர் சொல்லப்போகும் வார்த்தைக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். வாசலில் மூட்டையோடு நின்ற ஒருத்தியும் இப்படித்தான் காத்திருந்தாள். அன்றைக்கு அவர் நிமிர்ந்து பார்க்கவில்லையே தவிர, அந்தப் பார்வை கழுத்தில் உறைத்தது அவருக்கு இன்றும் மறக்கவில்லை.

“அச்சுக்கூடத்துக்காரன் குடிகாரன்,” என்றார் நசாரியோ.

“என்ன சொன்னீங்க?” என்றான் பெலார்மினோ.

“ரொசாவுரா சாகல. சில புத்தகத்துல வேற கதையோட கடைசிப் பக்கத்த எடுத்து இதுல வச்சுத் தச்சுட்டான், படுபாவி. தம்பிகிட்ட இருக்குறது அந்த மாதிரி ஒண்ணு. அந்தம்மா வாசிச்சதுதான் சரி.”

ஊர் ஒரே குரலில் பெருமூச்சு விட்டது. தன் மானம் போனாலும் பரவாயில்லை என்று ஒரு கவிராயர் சொன்ன பொய் அது. அது பொய் என்று லெயொகாதியா ஒருத்திக்குத்தான் தெரிந்தது.

பெலார்மினோ விடுகிறவனா? பட்டாளத்தில் துப்பாக்கியைப் பிரித்து மாட்டிப் பழகியவன். “அப்பிடியா? நல்லதாப் போச்சு. சரியான முடிவ உங்க வாயாலயே பாடிக் காட்டிருங்க, கவிராயரே.”

நசாரியோ மாட்டிக்கொண்டார். லெயொகாதியா என்ன முடிவு வாசித்தாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ரொசாவுரா எப்படிப் பிழைத்தாள்? நீந்தினாளா? படகு வந்ததா? தன் கதை எப்படி முடிகிறது என்று தனக்கே தெரியாமல், தன்னை நம்பி உட்கார்ந்திருக்கும் கூட்டத்தின் முன்னால் அவர் நின்றார். வேறு வழியில்லாமல் தெரிந்ததைச் செய்தார். ஆரம்பித்தார்.

அன்றைக்குப் பாடியதுபோல் அவர் சந்தையில்கூடப் பாடியதில்லை. பண்ணை வீட்டு நாய் ஏன் அன்றைக்கு மட்டும் குரைக்கவில்லை என்று தொடங்கியதுமே பெலார்மினோ உட்கார்ந்துவிட்டான். கதை தெரிந்த கூட்டம் தெரியாததுபோல் வாயைப் பிளந்தது. ஓட்டம், விரட்டல், மழை. ஆற்றின் இரு கரைக்கும் கட்டிய கயிற்றைப் பிடித்து ரொசாவுரா இறங்கினாள்.

வெள்ளம் பெருகி வருகுது – அங்கே
வெண்ணுரை பொங்கிச் சுழலுது;
துள்ளும் கயிறோ தேயுது – அவள்
தொட்ட விரல்கள் நழுவுது;
பள்ளக் கரைமேல் குதிரையில் – அப்பன்
பார்த்துத் துப்பாக்கி நீட்டுறான்...

அந்த இடம் வந்துவிட்டது. நசாரியோ நிறுத்தினார். தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

“ம், அப்புறம்?” என்று நாலைந்து பேர் கத்தினார்கள்.

“இதுக்கு மேல நான் பாடுற வழக்கம் கிடையாது. இன்னைக்கு நேத்தா என்னைத் தெரியும் உங்களுக்கு? பெத்த தாய் கேட்டாலும் இந்த இடத்துல நிறுத்திருவேன். மீதி புத்தகத்துல இருக்கு.” லெயொகாதியாவைப் பார்த்துத் திரும்பினார். “சரியான புத்தகம் அந்தம்மா கையிலதான இருக்கு? வாசிங்கம்மா.”

திட்டினார்கள், சிரித்தார்கள். ஆனால் யாரும் சந்தேகப்படவில்லை. அவர் அந்த இடத்தில் நிறுத்தாமல் இருந்திருந்தால்தான் சந்தேகம் வந்திருக்கும்.

பெலார்மினோ கழுத்தை நீட்டுவதைக் கண்ட நசாரியோ, எழுந்து போய் அவன் பார்வையை மறைத்தபடி லெயொகாதியாவின் பின்னால் நின்றுகொண்டார். அவள் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். அங்கே அவர் எழுதியது அவர் எழுதியபடியே இருந்தது: கயிறு அறுந்தது, ரொசாவுரா போனாள், அடங்காத பெண்களுக்கு இதுவே கதி. அவள் விரல் அந்த வரிகளின் மேல் ஒழுங்காக நகர்ந்தது. வாய் வேறு பாடியது.

கையில் இருந்த துப்பாக்கி – அதைக்
கால்கீழ்ச் சேற்றில் எறிந்திட்டான்;
ஐயோ மகளே என்றிறங்கி – அறும்
அந்தக் கயிற்றைப் பற்றிட்டான்;
பையப் பைய இழுத்தவளைப் – பெற்ற
பாசக் கரையில் சேர்த்திட்டான்.

அப்பன் இறங்குவான் என்று நசாரியோ எதிர்பார்க்கவே இல்லை. யார் யாரோ காப்பாற்றலாம் என்று நினைத்துப் பார்த்தவருக்கு இந்த ஆள் மட்டும் தோன்றவில்லை. எத்தனையோ வருஷமாகக் கூட்டத்தை வாய்பிளக்க வைத்தவர், கடைசி அடி முடியும்வரை தானும் வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றார். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுப்புப் புகை என்று சொல்லவும் வழியில்லை, அடுப்பில் நெருப்பே இல்லை.

பெலார்மினோ புத்தகத்துக்குக் கை நீட்டினான். நசாரியோ முந்திக்கொண்டு அதை எடுத்துச் சட்டைக்குள் சொருகினார். “இது எனக்கு வேணும் தம்பி. அந்தக் குடிகாரன் மூஞ்சியில விட்டெறிஞ்சு, இப்படித் தைக்கணும்டான்னு காட்டணும்.”

கூட்டம் கலைந்தது. உம்பெலினா மட்டும் போகவில்லை. ரவிக்கைக்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு கடிதத்தை எடுத்து, லெயொகாதியாவின் கண் முன்னாலேயே நசாரியோவிடம் நீட்டினாள். “நீ வாசி.”

வாங்காமல் இருக்க முடியவில்லை. லெயொகாதியா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நசாரியோ பிரித்தார். “அம்மா, ஆசீர்வாதம்...”

“கடவுள் உன்ன ஆசீர்வதிப்பார், மகனே,” என்றாள் உம்பெலினா காகிதத்தைப் பார்த்து. சொல்லிவிட்டு, “ம், மேல வாசி” என்றாள்.

நசாரியோ நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு வாசித்தார். “புனித யோவான் திருவிழாவுக்கு இந்த வருஷமும் வர முடியாது. உங்கிட்ட சொல்லாமலே இங்க ஒருத்தியக் கல்யாணம் பண்ணிக்கிட்டேன். மன்னிச்சிரு. ஊருக்குத் திரும்புற எண்ணம் இப்ப இல்ல...” வாசிக்க வாசிக்க உம்பெலினாவின் உதடும் அசைந்தது. அவர் ஒரு வார்த்தையை முடிப்பதற்குள் அவள் அடுத்ததில் இருந்தாள். எதுவும் மாறியிருக்கவில்லை. கசப்பான கடிதத்தைக் கசப்பாகவே லெயொகாதியா வாசித்திருக்கிறாள்.

உம்பெலினா கடிதத்தை வாங்கி மறுபடி நாலாக மடித்தாள். போய் லெயொகாதியாவின் தலையைத் தன் பெரிய கையால் ஒரு முறை அழுத்தினாள். “அச்சுக்கூடத்துக்காரன் குடிகாரனாம்,” என்று நசாரியோவைப் பார்த்து உதட்டைச் சுழித்தாள். “பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும், கவிராயரே. எனக்கென்ன, கதைய அவ எப்படி வேணா முடிக்கட்டும்.” சுவரில் சாத்தியிருந்த மாவுத் துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

இருவரும் தனியாக நின்றார்கள். கோபப்பட வந்த நசாரியோ, “ஏம்மா மாத்தின?” என்று மட்டும் கேட்டார்.

“முன்னெல்லாம் நீங்க எழுதினபடிதாண்ணே வாசிச்சேன்,” என்றாள் லெயொகாதியா. “ஒரு ஞாயித்துக்கெழம மூணு வீட்டுக் காயிதம் வந்துச்சு. ஒண்ணுலகூட நல்ல சேதி இல்ல. காயிதத்துல நான் எப்படிக் கை வைக்கிறது? அது அவங்க வாழ்க்கையாச்சே. வாசிச்சிட்டேன். எல்லாரும் அழுதாங்க. அதுக்கப்புறம், கதையாவது வாசிடின்னாங்க. பாத்தா உங்க பொண்ணு இடி விழுந்து சாகுறா. மனசு வரலண்ணே.” ஊசியை மறுபடி கையில் எடுத்து, “ஆனா உங்க ஆரம்பத்துல ஒரு எழுத்த மாத்தினது கிடையாது. அத யாரால மாத்த முடியும்?” என்றாள்.

வீட்டுக்கு வந்து நசாரியோ காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். திங்கள் போனது, செவ்வாய் போனது. கறிக்கடைக்குப் போகிற எவனையும் ஒரே அடியில் நிறுத்திவிடுகிறவருக்கு ஒரு வரி வரவில்லை. அவர் எழுத்தைக் கண்டதும் ஜனுவாரியா கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம். முதல் வரியைத் தாண்டி அவள் படிக்க வேண்டும். குற்றம் சொல்லி ஆரம்பித்தார், அடித்தார். நலம் விசாரித்து ஆரம்பித்தார், அது மற்றப் பாட்டுக்காரர்களின் வணக்கம் மாதிரி இருந்தது, அடித்தார். மன்னிப்புக் கேட்டு ஆரம்பித்தார். அதிலும் தன்னைப் பற்றிய பேச்சுதான் அதிகம் இருந்தது. கடைசியில் உம்பெலினா காகிதத்தைப் பார்த்துப் பதில் சொன்னது நினைவுக்கு வந்தது.

சனிக்கிழமை சந்தையில் அனீசியோவிடம் கடிதத்தை நீட்டினார். பாம்புக்காரன் ஊர் ஊராகச் சுற்றுகிறவன். ஜனுவாரியா எந்த ஊரில் இருக்கிறாள், அவளுக்கு எத்தனை பிள்ளைகள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். பல முறை சொல்லவும் வந்து, இவர் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டிருக்கிறான். கடிதத்தை வாங்கியவன் உறை இல்லாததால் கூச்சமில்லாமல் பிரித்தான்.

“கடவுள் உன்னை ஆசீர்வதிப்பார், மகளே,” என்று எழுத்துக் கூட்டிப் படித்தான். காகிதத்தைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. “என்னடா இது? ஒரு வரியில நிறுத்திட்ட! மககிட்டயும் உன் வியாபாரப் புத்தியா? மீதி எங்க?”

“மீதி எனக்குத் தெரியாதுடா,” என்றார் நசாரியோ. கண்கள் நிறைந்துவிட்டன. “இவ்வளவுதான் நான் பாக்கி வச்சது. அவ வாசல்ல நின்னு கேட்டதுக்குப் பதில்.”

அனீசியோ கேலி பேசவில்லை. தன் பெட்டியின் பூட்டைத் திறந்தான். இத்தனை வருஷத்தில் சந்தையில் யாரும் பார்த்திராத அந்தப் பெட்டிக்குள் பாம்பும் இல்லை, ஒரு பல்லிகூட இல்லை. கடிதத்தை அதன் நடுவில் வைத்துப் பூட்டினான். எப்போதும் பெட்டியைத் தூக்கி லாரிக்குள் எறிகிறவன், அன்றைக்கு அதை மடியில் வைத்துக்கொண்டு ஏறினான்.